தோளுக்கேற்ற துப்பாக்கி

ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்கு வரப்போகிறேன் என்று சொல்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது காலிபரை, அதாவது குழலின் உள்அகலத்தை அங்குலத்தில் சொல்லும் எண்ணைப் பற்றித்தான். எந்த மாதம் வரலாம், எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அப்புறம். ".375 போதுமா, .416 வேணுமா?" இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்குப் பெரிய தகுதி கிடையாது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் குடியேறியவன். குளிர்காலம் வந்தால் அலுவலக நண்பர்களோடு லிம்போபோ பக்கம் கறிக்காக இம்பாலா மான் சுடப் போகிறவன். அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து சுடுவதைப் பக்கத்தில் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன். பார்த்த வரையில், மிருகத்தின் உடம்பை மனதில் வைத்துத் துப்பாக்கி வாங்கியவர்கள்தான் திணறுகிறார்கள். தங்கள் தோள் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வாங்கியவர்கள் அலட்டாமல் சுட்டுவிட்டுப் போகிறார்கள்.

வேட்டை பிடிக்காதவர்கள் இந்த இடத்திலேயே கழன்றுகொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நம் ஊரில் இது முடிந்துபோன கதை. முடிந்ததும் நல்லதற்குத்தான். இங்கே கணக்கு வேறு. முறையாக வேலி போட்ட பண்ணைக்குள் இருக்கும் காட்டு விலங்கு பண்ணைக்காரரின் உடைமை என்று தென்னாப்பிரிக்கா 1991-இல் சட்டமே போட்டது. அதனால் மாடு மேய்ந்த நிலத்தில் இன்று குடு மான் மேய்கிறது, சுட்ட கறி கசாப்புக் கடைக்கும் பில்டாங் என்கிற உப்புக்கண்டம் காயவைக்கவும் போகிறது. அந்த வாதத்தை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

துப்பாக்கிக்கு வருவோம். சட்டத்திலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நமீபியாவில் குழல்வாயை விட்டுக் கிளம்பும்போது குண்டுக்கு எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். ஸ்பிரிங்பக் மாதிரிச் சின்ன மானுக்குக் குறைந்தது 1350 ஜூல். குடு, கெம்ஸ்பக், எலண்ட் வகையறாப் பெரிய மான்களுக்கு 2700. எருமைக்கும் யானைக்கும் 5400. இப்போது கடையில் கிடைக்கும் தோட்டாவைப் பாருங்கள். 180 கிரெயின் எடைக் குண்டு போட்ட .30-06 ஏறத்தாழ 3900 ஜூல் தரும். 300 கிரெயின் குண்டு போட்ட .375 ஹாலந்து அண்ட் ஹாலந்து 5700-ஐத் தொடும். இந்த இரண்டும் கையில் இருந்தால் ஆப்பிரிக்காவில் பெரும்பாலான இடங்களில் சட்டப்படி சுடக்கூடியது எதையும் சுடலாம். .30-06 பிறந்தது 1906-இல், .375 பிறந்தது 1912-இல். நூறு வருஷமாக எத்தனையோ புதுத் தோட்டாக்கள் வந்து விளம்பரம் பண்ணிப் போய்விட்டன. இந்த இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. விமான நிறுவனம் உங்கள் தோட்டாப் பெட்டியைத் தொலைத்துவிட்டாலும், இங்கே சின்ன ஊர்த் துப்பாக்கிக் கடையில்கூட இந்த இரண்டும் கிடைத்துவிடும். போன வருஷம் அறிமுகமான அதிசயத் தோட்டா கிடைக்காது.

முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் மொம்பாசாவில் வந்து இறங்கியபோது கொண்டுவந்தவை முக்கியமாக மூன்று: ஸ்பிரிங்ஃபீல்டு .30-06, வின்செஸ்டர் .405, இங்கிலாந்து அன்பர்கள் சேர்ந்து பரிசளித்த ஹாலந்து கம்பெனி இரட்டைக்குழல். .375 வருவதற்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. இருந்திருந்தால் பின்னிரண்டின் வேலையையும் அது ஒன்றே பார்த்திருக்கும். அவர் மூட்டையில் எனக்குப் பிடித்தது துப்பாக்கிகள் அல்ல, மாற்று மூக்குக்கண்ணாடிகள். கிட்டப்பார்வைக்காரர், ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அதனால் ஜோடி ஜோடியாகக் கொண்டுவந்தார். தன் உடம்பின் பலவீனத்தை முதலில் எண்ணிப் பார்த்து மூட்டை கட்டிய மனிதர்.

"பெல் சின்னத் துப்பாக்கியால ஆயிரம் யானை சுட்டாரே?" என்று கேட்கும் ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். உண்மைதான். கரமோஜோ பெல் என்று பெயர் வாங்கிய அந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பகுதி 7×57-ஆல், ஆங்கிலேயர் .275 ரிக்பி என்று சொன்ன அதே தோட்டா. நம் ஊர்க்காரர்களுக்கு அது ஜிம் கார்பெட் வழியாகத் தெரிந்திருக்கலாம். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த துப்பாக்கியும் .275 ரிக்பிதான். இன்றைய நமீபியக் கணக்கில் பெல்லின் தோட்டா யானைக்கு வேண்டியதில் பாதியைத்தான் தாண்டும். அவர் செய்த இன்னொரு வேலையை யாரும் சொல்வதில்லை. யானை மண்டையோட்டை ரம்பம் வைத்து அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் பார்த்தால் எங்கே வரும் என்று படித்தார். சரியாக நிற்காத யானையை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போக அவருக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தது. பத்து நாள் விடுமுறையில் வருகிற நமக்கு அது இல்லை.

சரி, தோள் விஷயம். என் அக்கா வீட்டுக்காரர் டெக்சாஸில் இருக்கிறார். மான் வேட்டைக்குப் பழகியவர், மோசமாகச் சுடுகிறவர் அல்ல. எருமை சுட வேண்டும் என்று முடிவானதும் .458 வின்செஸ்டர் மேக்னம் ஒன்றைப் புதிதாக வாங்கிவிட்டார். போனில் நான் இழுத்தேன்.

"அத்தான், அது ரொம்ப உதைக்குமே. .375 போதும்னு இங்க எல்லாரும் சொல்றாங்க."

"எருமைன்னா சும்மாவா மாப்ள? சின்னதைத் தூக்கிட்டு வந்து குத்துப்பட்டுச் சாகவா? பெருசாவே இருக்கட்டும்."

லெபலாலே தாண்டி ஒரு பண்ணை. வந்து இறங்கியதும் முதல் வேலை, எல்லா முகாமிலும் நடப்பதுதான்: ஐம்பது மீட்டரில் ஓர் அட்டைப்பெட்டி, நடுவில் கறுப்பு டேப். விமானத்தில் புரண்டு வந்த ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, நேராக இருக்கிறதா என்று பார்க்கத்தான் இது என்பார்கள். உண்மையில் பி.எச். அங்கே பார்ப்பது துப்பாக்கியை அல்ல, ஆளை. வேட்டைக்குக் கூட்டிப் போகிற தொழில்முறை வேட்டைக்காரரை இங்கே பி.எச். என்றுதான் சொல்வார்கள். எங்கள் பி.எச். வெள்ளைத் தாடிப் பெரியவர். அத்தானின் முதல் குண்டு டேப்பைத் தொட்டது. இரண்டாவது நாலு விரல் கீழே. மூன்றாவது பெட்டியிலேயே இல்லை. "ஸ்கோப் ஆடிருச்சு போல" என்றார் அத்தான். பெரியவர் துப்பாக்கியை வாங்கித் திரும்பி நின்று தோட்டா போட்டார், போல்ட் என்கிற தாழை மூடித் திருப்பிக் கொடுத்தார். அத்தான் குறி பார்த்து விசையை அழுத்தினார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிக்கவில்லை. ஆனால் குழல்முனை ஒரு சாண் கீழே குத்தியது, கண் இறுக மூடியது, தோள் முன்னால் பாய்ந்தது. உள்ளே இருந்தது ஏற்கெனவே சுட்ட வெறும் கூடு.

யாரும் ஒன்றும் பேசவில்லை. தடம் பார்க்கிற ஆள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர் வண்டிக்குப் போய்த் தன் பழைய .375-ஐ எடுத்து வந்தார். தோட்டா அடைக்கும் மேகசினுக்கு அடியில், கை வைத்துத் தூக்கும் இடத்தில் கருநீலப் பூச்சு முழுக்கத் தேய்ந்து வெள்ளி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதில் அத்தான் சுட்ட குண்டுகள் எல்லாம் டேப்புக்குள்ளேயே விழுந்தன. சாயந்திரம் நெருப்பு பக்கத்தில் உட்கார்ந்து, "மானம் போச்சு மாப்ள" என்றார். "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதே கதைதான்னு அந்தப் பெரியவரே சொன்னார் அத்தான், விடுங்க" என்றேன். அவர் சொன்னதும் நிஜம்.

இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, உடம்பின் சுபாவம் அது. .30-06 உதைப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு உதைக்கும் .375. .458 மூன்று பங்கு. முதல் உதையில் வலித்துவிட்டால், அடுத்த முறை விசையில் விரல் போகும்போதே உடம்பு தயாராகிவிடும். மனதால் தடுக்க முடியாது. பழகினால் போகும், ஆனால் பழக வேண்டிய இடம் வீடு. அதுவும் பெரிய துப்பாக்கியில் அல்ல. ஒரு .22-ஐ எடுத்து, நின்றபடி, மூங்கில் கழி மூன்றைக் கட்டி அதன்மேல் வைத்துச் சுட்டுப் பழகலாம். மற்ற நாட்களில் தோட்டா இல்லாமல் போலித் தோட்டா போட்டு விசையை அழுத்திப் பழகலாம். பெரியதை வாரம் ஐந்தாறு குண்டுக்கு மேல் சுடாதீர்கள்.

மூன்று கழி என்று சொன்னேனே, அதுதான் ஆப்பிரிக்காவின் சுடும் முறை. புல் இடுப்பு உயரம், படுத்தால் ஒன்றும் தெரியாது. தடம் பார்ப்பவர் முக்காலிக் கழியை உங்கள் முன் விரித்து வைப்பார், அதன்மேல் துப்பாக்கியை வைத்து நின்றபடியே சுட வேண்டும். விரித்த கணத்திலிருந்து மிருகம் உங்களுக்காகக் காத்திருக்கும் நேரம் சில விநாடி. மேசையில் மணல்மூட்டை வைத்து இருநூறு மீட்டரில் நாணய அளவுக்குள் சுட்டேன் என்று அளப்பவர்கள் அந்தக் கழியின் முன் ஆடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். புதர்க்காட்டில் தூரமும் அதிகமில்லை, இம்பாலா நூறு மீட்டருக்குள், எருமை அதிலும் பாதி. அதனால் 1-இலிருந்து 4 வரை, அல்லது 1.5-இலிருந்து 6 வரை பெருக்கும் சின்ன ஸ்கோப் போதும். கலஹாரி, கரூ மாதிரித் திறந்த வெளியில் ஸ்பிரிங்பக் சுடப் போனால் மட்டும் தூரம் இருநூறு, முந்நூறு மீட்டர் என்று போகும். அங்கே கொஞ்சம் பெரிய ஸ்கோப் உதவும்.

காலிபருக்குச் செலவழிக்கிற யோசனையில் பாதியைக் குண்டுக்குச் செலவழித்தால் நல்லது. தோட்டா என்பது கூடும் மருந்தும் குண்டும் சேர்ந்த மொத்தம். மிருகத்தின் உடம்புக்குள் போகிறது குண்டு மட்டும்தான். மெல்லிய செப்பு உறைக்குள் ஈயம் வார்த்த சாதாரணக் குண்டு, கிட்டத்திலிருந்து முழு வேகத்தில் தோள் எலும்பில் மோதினால் சிதறிவிடும். மேலே பெரிய காயம் இருக்கும், உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் 1946-இல் கனடாவில் ஒரு மூஸ் மானிடம் இதே பாடம் படித்தார். வீட்டுக்குப் போய்க் குண்டின் நடுவே குறுக்குச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே உள்ளே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்த அந்த நோஸ்லர் பார்ட்டிஷன் இன்றும் கடையில் இருக்கிறது. பிறகு முழுக்கச் செம்பிலேயே செய்து, மோதியதும் இதழ் விரிக்கும் பார்ன்ஸ் குண்டுகள் வந்தன. குடு, வில்டபீஸ்ட் என்கிற காட்டுமாடு, எலண்ட் எல்லாவற்றுக்கும் இந்த ரகத்தில் ஒன்று போதும். நல்ல குண்டு போட்ட .308, மட்டமான குண்டு போட்ட .375-ஐவிடக் காட்டுமாட்டை ஒழுங்காக விழவைக்கும்.

விரியாத முழுக்குண்டு, சாலிட் என்பார்கள், யானைக்கு அவசியம். எருமைக்கு முதல் குண்டு விரிகிறதாகவும் அடுத்தவை சாலிடாகவும் இருக்கட்டும் என்பது பழைய ஏற்பாடு. அதில் ஒரு சிக்கல், சாலிட் ஓர் எருமையோடு நிற்காது. பின்னால் நிற்கிற அடுத்த எருமைக்குள்ளும் போகும். இங்கே ரத்தம் தெரிந்தால் பணம் கட்ட வேண்டும், மிருகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். இரண்டு எருமையின் ரத்தம் என்றால் இரண்டு எருமையின் விலை.

குண்டு எங்கே விழ வேண்டும் என்பதில் வட அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் பிசகுகிறார்கள். அங்கே மானுக்குத் தோளுக்குச் சற்றுப் பின்னால் சுடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே இதயமும் நுரையீரலும் அதைவிட முன்னால், கீழே, இரண்டு தோளுக்கும் நடுவே இருப்பதாகக் கொள்ள வேண்டும். பக்கவாட்டில் நின்றால் முன்னங்கால் கோட்டிலேயே மேலே போய், உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். சுட்டதும் வேடிக்கை பார்க்கக் கூடாது. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். எருமையென்றால் பி.எச். நிறுத்து என்று சொல்லும்வரை சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த போல்ட் விஷயமும் சும்மா இல்லை. மவுசர் 98 மாதிரி அமைப்பில், தோட்டா மேகசினை விட்டுக் கிளம்பும்போதே பெரிய கொக்கி ஒன்று அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் பாதி தள்ளிவிட்டு மறுபடி பின்னால் இழுத்தாலும், அந்தத் தோட்டா கொக்கியோடு வெளியே வந்துவிடும். வெறுமனே தள்ளிவிடும் அமைப்பில் அது குழலுக்குள் தனியாகக் கிடக்கும், அடுத்தது அதன் பின்னால் முட்டி நிற்கும். மான் வேட்டையில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வின்செஸ்டர் இந்தக் கொக்கியை 1964-இல் மாடல் 70-லிருந்து எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய துப்பாக்கிகளுக்கு இன்றும் தனி மவுசு.

இரட்டைக்குழல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: காசு இருந்தால் வாங்குங்கள், பார்க்க அழகு. இரண்டு குழல், இரண்டு விசை, ஒன்று மக்கர் பண்ணினாலும் மற்றது வெடிக்கும். பி.எச்.களில் பலர் .470 வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். அந்த .470 பிறந்த கதையில் நாமும் இருக்கிறோம். இந்தியாவிலும் சூடானிலும் ராணுவ மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள் கலகக்காரர்கள் கைக்குப் போய்விட்டால் .45 அளவுக் குண்டு அவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது என்று, 1907-இல் வெள்ளைக்கார அரசு .450 காலிபரையே தடை பண்ணியது. லண்டன் கம்மியர்கள் இந்திய வியாபாரத்தை விட மனமில்லாமல் .465, .470, .475 என்று கொஞ்சம் தள்ளித் தள்ளிப் புது அளவுகள் செய்தார்கள். ஆப்பிரிக்காவில் யானைக்கு முன்னால் நிற்கிறவன் கையில் இன்று இருப்பது, நம் ஊர்க் கலகத்துக்குப் பயந்து செய்த அளவு.

மூட்டை முடிச்சுக்கு வந்தால், துப்பாக்கிக்கு அடுத்த இடம் காலணிக்கு. எருமைத் தடத்தில் ஒரே நாளில் பதினைந்து கிலோமீட்டர் போகலாம். அடி மெத்தென்று இருக்க வேண்டும், காய்ந்த சருகில் சத்தம் வரக் கூடாது, ஆனால் வேலமுள் ஏறக் கூடாது. வீட்டிலேயே போட்டு நடந்து பழகியதாக இருக்கட்டும். புதுக் காலணியோடு வந்தவர்கள் இரண்டாம் நாள் கொப்புளத்தோடு முகாமில் உட்கார்ந்து பில்டாங் மென்றுகொண்டிருப்பார்கள். கணுக்காலுக்குத் துணிக்கவசம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மத்தியானத்துக்குள் காலுறை முழுக்கப் புல்விதை.

துணி மூன்று செட் போதும். முகாமில் தினமும் துவைத்து, உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் இஸ்திரி போட்டுத் தருவார்கள். மரியாதைக்காக இல்லை. ஈரத்துணியில் முட்டையிட்டு, நம் தோலுக்குள் புழுவாக வளரும் ஈ ஒன்று இங்கே உண்டு, புட்சி ஈ என்பார்கள். இஸ்திரிச் சூட்டில் அந்த முட்டை செத்துவிடும். அதனால் உள்ளாடையை நானே துவைத்துக்கொள்கிறேன் என்று கூச்சப்பட்டுக் கொடியில் போடாதீர்கள். நிறம் காக்கி, பச்சை, பழுப்பு எதுவும் சரி. ராணுவப் புள்ளித்துணி மட்டும் வேண்டாம், ஜிம்பாப்வேயில் பொதுமக்கள் அதைப் போடுவதே குற்றம். ஜாம்பெசிப் பள்ளத்தாக்குப் பக்கம் போனால் நீலமும் கறுப்பும் கூடாது, ட்செட்சி ஈயைப் பிடிக்கப் பொறி வைப்பதே அந்த நிறத் துணியில்தான். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து வருகிறவர்கள் ஜூன், ஜூலை விடியற்காலையில் திறந்த வண்டியின் பின்னால் நின்று நடுங்குவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். குல்லாவும் கையுறையும் கட்டாயம்.

பைனாகுலர் 8×42 அல்லது 10×42. காற்று பார்க்க ஒன்றும் வாங்க வேண்டாம், தடம் பார்ப்பவர் சாம்பல் கட்டிய சின்னத் துணிப்பையை உதறிக்கொண்டே வருவார். மற்றபடி பட்டியல்களில் வரும் கத்தி, திசைகாட்டி, இத்தியாதியெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

காகித வேலை: விமானத்தில் ஓர் ஆளுக்குத் தோட்டா ஐந்து கிலோவரை. .375 தோட்டா ஒன்று நாற்பது கிராமுக்குச் சற்று மேல் இருக்கும், நாற்பது தோட்டா கொண்டுவந்தாலும் இரண்டு கிலோ வராது. அதற்கு மேல் தேவையும் படாது. ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கினால் போலீஸ் அறையில் எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற படிவம். கறுப்பு மையில் நிரப்புங்கள், கையெழுத்தை மட்டும் அதிகாரி முன்னால் போடுங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது, துப்பாக்கி கொண்டுவரும் யோசனையே வேண்டாம். பண்ணைகளில் வாடகைக்குக் கிடைக்கும். அது இந்தப் புதருக்காகவே வைத்திருக்கும் துப்பாக்கி, ஸ்கோப்பும் சரியாக இருக்கும். முன்கூட்டியே எழுதி, என்ன காலிபர், என்ன குண்டு, தோளில் வைக்கும் கட்டையின் நீளம் என்ன என்று கேளுங்கள். கை நீளமானவருக்குக் குட்டையான கட்டை வந்தால் ஸ்கோப் புருவத்தைக் கிழிக்கும். இடதுகைக்காரர் என்றால் அதையும் சொல்லுங்கள். வந்ததும் கூச்சப்படாமல் அட்டைப்பெட்டியில் இன்னும் நாலு குண்டு சுட்டுப் பார்க்கக் கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஊர் திரும்பும்போது சட்டைப்பை, கோட்டுப்பை, பையின் ஓரம், காலணிக்குள் என எல்லாவற்றையும் கவிழ்த்து உதறுங்கள். வேட்டைக் கோட்டின் மேல்பையில் ஒரு தோட்டாவைச் செருகி வைத்து மறந்துபோவது சர்வ சாதாரணம். அது சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்ட வழக்கு வரும். ஞாபகார்த்தமாகக் காலிக் கூடு ஒன்றை எடுத்துப் போகலாமா என்று அத்தான் கேட்டார். நான் வாங்கி என் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன், வந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.